மழைக்காற்றுக்குள் இருந்த சூடு

1

சிங்கப்பூரில் ஒரு மழைக்காலத்தில் நாங்கள் வீட்டைச் சூடாக்கிக்கொண்டு வாழ்ந்தோம் என்று சொன்னால் மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். வருஷம் முழுக்க வேர்வை வழிகிற ஊர் இது. அந்தச் சூட்டைக் கொடுத்ததும் அடுப்பு இல்லை, ஏர்கான் என்று இங்கே சொல்கிற குளிர் மெஷின் என்றால், முத்தையாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே முடிவு கட்டுவார்கள். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

எழுதத் தூண்டியது போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம். நாங்கள் இப்போது தோ பாயோவில் அரசாங்கம் கட்டிய அடுக்கு வீட்டில் இருக்கிறோம். என் மகள் மீனாட்சி பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையை வீசிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள்.

“அப்பா, வெரி ஹாட் லா. ஜேனட் வீட்டுல ஏர்கான் இருக்கு. நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்குங்களேன்.”

“ஏர்கான் எதுக்கும்மா? உடம்பு சூடாயிடும்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“சூடாவா? ஐயோ அப்பா, ஏர்கான் போட்டா கோல்டு! உங்களுக்கு ஒண்ணுமே தெரியல.”

அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த காமாட்சி முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. குழந்தை எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். “அம்மா ஒய் க்ரையிங்?”

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழில் சொன்னால் முழுவதும் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. இரண்டு வாக்கியத்துக்குமேல் போனால் “ஓகே ஓகே” என்று ஓடிவிடுவாள். வரும் வாரம் அவளுடைய ஜன்ம நட்சத்திரம் வருகிறது. ஏழு வயது முடிகிறது. அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

2

மலேசியாவோடு சேரலாமா வேண்டாமா என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஜாலான் புசாருக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் கடைவீட்டின் மாடியில் பலகை வைத்துத் தடுத்த ஒரே அறை எங்களுடையது. கீழே ஆ லெங் என்ற சீனர் காற்றாடி, ஐஸ்பெட்டி, ஏர்கான் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்கு அவர்தான் தலைக்குடி, அதாவது சொந்தக்காரரிடம் மொத்தமாக எடுத்து எங்களைப் போன்றவர்களுக்கு அறை அறையாக விடுகிறவர். நான் துறைமுகக் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதில் பாதி வருஷம் அவள் அங்கே, நான் இங்கே. அவள் கப்பலேறி வந்த பிறகு இரண்டு முறை கரு உண்டாகி, தங்காமல் போய்விட்டது. மூன்றாவது தடவை தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். காமாட்சி மூச்சுவிடக்கூடப் பயந்து நடந்தாள். எட்டாம் மாதம், அடைமழையில், வலி கண்டுவிட்டது.

பிறந்த குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் எனக்குக் காட்டினார்கள். நாலு ராத்தல்கூட இல்லை. தோல் அவித்த வெங்காயம்போல உள்ளே இருப்பது தெரிந்தது. கண் திறக்கவில்லை. அழக்கூட இல்லை. அழுவதற்கு வாயைத் திறக்கும், அதற்குள் களைத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் கூட்டமோ கூட்டம். ஒரே கட்டிலில் இரண்டு தாய்மார் படுத்திருந்தார்கள். பெட்டிகள் கொஞ்சம்தான், எங்களுடையதைவிடச் சின்னதாகப் பிறந்த குழந்தைகள் வரிசையில் இருந்தன. எங்கள் குழந்தை பாலை விழுங்க ஆரம்பித்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே நாங்கள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் வேறு யாரோ ஒருவர் பிள்ளையின் நாள்தான். வெள்ளை உடுப்புப் போட்ட தாதியை இங்கே மிஸ்ஸி என்போம். அந்தச் சீன மிஸ்ஸி மலாயில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்:

“பானாஸ், பானாஸ். ரூம் சூடா இருக்கணும். இந்தக் குழந்தைக்குச் சொந்தச் சூடு இல்லை. குளிர்ந்தா முடிஞ்சுது.”

நான் தலையாட்டினேன். சிங்கப்பூரில் சூட்டுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். அன்று மாலையே தெரிந்தது. பலகைச் சுவரின் இடுக்கெல்லாம் ஈரக்காற்று. போர்வை எல்லாம் நமுத்திருந்தது. குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்த காமாட்சி, “என்னங்க, கால் மீன் மாதிரி இருக்கு” என்றாள்.

3

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற அறையில் கட்டிலுக்கடியில் கனல் சட்டி வைப்பார்கள். சாம்பிராணி போடுவார்கள். காற்று படக்கூடாதென்று கதவை அடைப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே வேலையைச் செய்தோம். நான் அடுப்புக்கரி வாங்கி வந்தேன். அவள் ஜன்னலுக்கும் சுவர் இடுக்குகளுக்கும் துணி அடைத்தாள். சட்டியில் கரி சிவந்ததும் சாம்பிராணியைத் தூவி அம்பாளை நினைத்துக்கொண்டேன். அறை கதகதவென்று ஆயிற்று. குழந்தையின் பாதம் சூடேறியது. காமாட்சி என்னைப் பார்த்துச் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

ஒரு மணி நேரம் இருக்கும். எனக்கு மண்டை கனத்தது. மழையினால்தான் என்று நினைத்தேன். அவள் சுவரில் சாய்ந்தபடி “தூக்கம் தள்ளுது” என்றாள். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி வந்தது முருகன் அனுப்பித்தான். வீட்டுக்குப் போன குழந்தைகளைப் பார்க்க அவர் சைக்கிளில் சுற்றுவார். கதவைத் திறந்தவர் ஒரு சத்தம் போட்டார். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். படியில் வெளிச்சத்தில் பார்த்தேன். குழந்தையின் உதடு நாவல் பழ நிறம்.

உள்ளங்காலைச் சுண்டினார், முதுகைத் தேய்த்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார். அது ஒரு முறை விக்கியது. பிறகு இன்னொரு முறை. பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது.

“கரிப் புகையில் விஷம் இருக்கு. மூடின ரூமில் யார் கரி போடச் சொன்னா?” என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடுக்கு இருக்கும், புகை அது பாட்டுக்குப் போகும். அங்கே கட்டிலுக்கடியில் கனலை வைத்தவர்கள் அந்த இடுக்கையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். நாங்கள் கப்பலில் வரும்போது கனல் சட்டியை மட்டும் மனதில் கொண்டுவந்தோம். அந்த இடுக்கை யாரும் சொல்லித் தரவில்லை. இங்கே பலகை மேற்கூரை வரை ஏறி அடைத்திருந்தது.

மிஸ்ஸி ஒரு தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டி இரண்டு இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். “இதுக்குக் கீழே போனாலும் ஆபத்து, இதுக்கு மேலே போனாலும் ஆபத்து. கரி வேண்டாம். கரண்டு ஹீட்டர் கிடைக்குதா பார்” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

4

கிடங்கில் கணக்கெழுதும் கிராணியிடம் லீவு கேட்டேன். “பெத்தவ உன் பெண்டாட்டி. உனக்கென்ன உடம்புக்கு? பால் குடுக்கப் போறியா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம். கடைசியில் என்னை இரவு வேலைக்கு மாற்றினார். பகலில் நான், இரவில் காமாட்சி என்று முறை வைத்துக் குழந்தையைக் காத்தோம்.

கூட வேலை செய்த ஒருவர், வெள்ளைக்காரர் வீட்டில் தூக்கிப் போட்ட ஹீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். இரண்டு கம்பி சிவக்கும். அதைச் செருகிய கொஞ்ச நேரத்தில் படாரென்றது. வீடே இருண்டது. கீழே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடிகள் எல்லாம் ஓய்ந்தன. ஆ லெங் மாடி ஏறி வந்தார். மலாயும் சந்தையில் பழகிய தமிழும் கலந்துதான் பேசுவார்.

“முத்தையா! நீ கீலாவா, பைத்தியமா? இந்த வீட்டு வயர் எங்கப்பன் வயசு. எல்லாரையும் எரிச்சுப்போடுவியா? இங்க ஹீட்டர் எதுக்கு லா? சிங்கப்பூர்ல ஸ்நோ பெய்யுதா?”

நான் தொட்டிலைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். கையிலிருந்த டார்ச்சை உடனே அணைத்துவிட்டார், வெளிச்சம்கூட அதைச் சுட்டுவிடும் என்பதுபோல.

“இதுக்கா?” என்றார்.

“ஆமா. சூடு வேணுமாம். கரியும் ஆகாது, ஹீட்டரும் ஆகாது. நான் என்ன பண்றது சொல்லுங்க.”

அப்போது காமாட்சிதான் பேசினாள். அவருக்குமுன் அவள் வாய் திறந்ததே இல்லை. “என்னங்க, அவர் பட்டறையில ஏர்கானை ஓடவிட்டுப் பார்ப்பாரே, அப்ப அதோட முதுகுப் பக்கம் அனலா வீசும். மழையில நான் துணியை அங்கதான் காயவெப்பேன். அந்த முதுகை நம்ம ரூமுக்குள்ள திருப்பி வெச்சா என்ன?”

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆ லெங் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அவளையே பார்த்தார். பிறகு ஜன்னலைக் கை சாணால் அளக்க ஆரம்பித்தார்.

5

மதுக்கடையிலிருந்து வந்து விலைபோகாமல் கிடந்த சின்ன மெஷின் ஒன்றை அன்றைக்கே இருவரும் தூக்கிக்கொண்டு ஏறினோம். அறையைக் குளிரவைக்கிற முகத்தைச் சந்துப் பக்கம் வைத்தோம், அனல் வீசுகிற முதுகை உள்ளே வைத்தோம். திருகுகிற குமிழ் எல்லாம் வெளியே போய்விட்டதால் நிறுத்துவதும் ஓட்டுவதும் சுவரில் இருந்த பிளக்கில்தான். மழை படாமல் ஒரு தகரத்தை வளைத்து அடித்தார். இடுக்குகளுக்குச் சணல் சாக்கு.

“வயர் தாங்குமா?” என்று கேட்டேன்.

“ஹீட்டர்ல ரெண்டு கம்பி. இது ஒரு கம்பியோட கரண்டுகூட தின்னாது. ஆனா அந்த ரெண்டு கம்பி குடுக்கிற சூடு குடுக்கும்.”

“அது எப்படி? கரண்டு கொஞ்சம், சூடு ஜாஸ்தியா?”

அவர் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டார். “ஹீட்டர் கரண்டைத் தின்னு சூடு பண்ணுது. இது சூடு பண்ணலை லா. வெளியே இருக்கிற சூட்டை அள்ளி உள்ளே கொட்டுது. உன்னை மாதிரி, கூலி. கப்பல்ல இருக்கிற அரிசியைக் கிடங்குல போடுறே. அரிசி நீயா விளைவிச்சே? தூக்கின கூலி மட்டும்தானே உனக்கு?”

“வெளியே மழை கொட்டுது. அங்க ஏது சூடு?”

“இருக்கு. மழைக்காத்துலயும் இருக்கு. உனக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்.”

பிளக்கைச் செருகினார். அறை முழுக்க லாரி ஓடுகிற இரைச்சல். கொஞ்ச நேரத்தில் என் முகத்தில் அனல் அடித்தது. நான் சாமிப் படத்தைப் பார்த்தேன். என்னை நடுக்கிய காற்றுக்குள்ளேயே என் பிள்ளைக்கு வேண்டிய சூட்டை முருகன் வைத்திருந்தான். நான் ஜன்னலை அடைத்து அடைத்து அதை வெளியே நிறுத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதோடு கஷ்டம் தீரவில்லை. மெஷினுக்குப் பாதி என்பது தெரியாது. ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். அந்தச் சின்ன அறையில் சூடு சீக்கிரமே மேல் கோட்டைத் தாண்டிவிடும். கதவைத் திறந்தால் இறங்கும். அதிகம் திறந்தால் கீழ்க் கோட்டுக்கு விழும். அதனால் கதவே எங்கள் வேலையாயிற்று. ஒரு கண் தெர்மாமீட்டரில், ஒரு கை கதவில். விரல்கடை திற, அரை விரல்கடை மூடு. காமாட்சிக்கு முதலில் கதவைத் திறக்கவே மனம் வரவில்லை. பிள்ளை பெற்ற அறையில் காற்றை விடுவதா என்று அழுதாள். நாவல் பழ நிறத்தை ஞாபகப்படுத்தினேன். திறந்தாள்.

மெஷினில் சேர்கிற தண்ணீர் முதுகுப் பக்கம்தான் வடியும் என்பதால் அறைக்குள்ளேயே சொட்டியது. நாங்கள் பித்தளைச் சட்டி வைத்தோம். மிஸ்ஸி வந்தபோது திட்டுவார் என்று பயந்தேன். அவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். சட்டியைப் பார்த்து, “அது இருக்கட்டும். வறண்ட சூடு நல்லதில்லை” என்றார். குழந்தையை எடை பார்த்தார். கூடவில்லை. குறையவும் இல்லை. அந்தக் குறையவில்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்று இரவு கிடங்குக்குப் போனேன்.

சந்துக்கு எதிர்ப்புறம், எங்கள் ஜன்னலுக்கு நேரே, பிலோமினா அக்காவின் ஜன்னல். விதவை. திருச்சிக்காரர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. மெஷினின் குளிர்ந்த முகம் நேரே அவர் வீட்டைப் பார்த்துத்தான் வீசியது. இரண்டாம் நாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

“தம்பி! உனக்கு அடுப்பு, எனக்கு ஊட்டியா? பல்லு கிட்டுதுடா!”

“மன்னிச்சுக்குங்கக்கா. குழந்தைக்காக…”

“தெரியும், தெரியும். ஓடட்டும் விடு. இந்த ஊர்ல இத்தனை வருஷம் வெந்தாச்சு, கொஞ்ச நாள் குளிரட்டும்.”

6

இதையெல்லாம் விட எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது வேறு. பிள்ளை பிறந்த தீட்டு. முப்பது நாள் கழியும்வரை கோயிலுக்குள் போகக்கூடாது, வீட்டில் விளக்கேற்றக்கூடாது. என் வாழ்நாளில் வெள்ளிக்கிழமை கோயில் தப்பியதில்லை. கிடங்கில் கால் நசுங்கியபோதுகூட நொண்டிக்கொண்டு போனவன். எனக்கு அம்மன் மிக வேண்டியிருந்த மாதத்தில் நான் அவள் முன்னால் நிற்க முடியாது.

ஒரு நாள் காலை வேலை முடிந்து நேரே சிராங்கூன் சாலைக்குப் போனேன். கோயிலுக்கு எதிர் ஓரத்தில் கடைவாசலில் நின்றேன். அபிஷேக மணி அடித்தது. நடுவில் பஸ்ஸும் ரிக்‌ஷாவும் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கொஞ்சம் தீபம் தெரிந்தது. அவ்வளவுதான். கும்பிட்டால் தீட்டோடு கும்பிட்டதாகுமோ என்று கையைக்கூட உயர்த்தவில்லை.

அங்கிருந்து பிறப்பைப் பதிய ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பையன்தான், இளம் கிராணி.

“பிள்ளை பேரு?”

“இன்னும் வெக்கலீங்க. முப்பது கழிச்சுத்தான் வெப்போம்.”

“அப்போ பேர் இல்லாமலே எழுதிக்கிறேன். பின்னாடி வந்து சேர்த்துக்கலாம். சில பேர் வர்றதே இல்லை.” எழுதிக்கொண்டே கேட்டான், “பிள்ளை நல்லாத்தானே இருக்கு?”

சாதாரணமாகத்தான் கேட்டான். சில பேர் ஏன் வருவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் எழுதிய தாளில் ‘பெண்’ என்று மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். எதிர் ஜன்னலில் பிலோமினா அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தார்.

“கோயிலுக்குப் போனியா தம்பி? திருநீறு காணோமே.”

“தீட்டுக்கா. எதிர் ஓரத்துல நின்னுட்டு வந்தேன்.”

“அட ஆண்டவரே. பிள்ளை சாகப் பிழைக்கக் கிடக்கறப்பவா உங்க சாமி கதவைச் சாத்திக்கும்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சாமி சாத்தலை. நாங்கதான் ஒதுங்கி நிக்கிறோம். அது மரியாதை.”

“சரிப்பா, கோவிச்சுக்காதே. உங்க அம்மனுக்கு உங்க மரியாதை. எங்க மாதாவுக்குத் தீட்டுக் கெடயாது. அவங்க மாட்டுக்கொட்டாயில பெத்தவங்க. நான் சொல்லிவைக்கிறேன்.”

“என்ன பேர் சொல்லி வேண்டுவீங்க? பேரே இல்லையே.”

“எதிர் ஜன்னல் பாப்பான்னா அவங்களுக்குத் தெரியாதா?”

அதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை. அம்மன் தப்பாக நினைத்திருக்க மாட்டாள். இன்றைக்கு மீனாட்சி பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ ஜெபம் சொல்கிறாள். கோயிலுக்கு வந்தால் காலை மாற்றி மாற்றி நிற்கிறாள். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அதட்ட வாய் வருவதில்லை.

7

ஜாலான் புசார் தாழ்ந்த பூமி. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் சாக்கடை எதிர்த்து ஏறும். ஒரு நாள் பகலில் அப்படி ஏறியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காமாட்சி காய்ச்சலில் படுத்திருந்தாள். பால் கட்டிய காய்ச்சல். கீழே ஆ லெங் கத்துவது கேட்டது. சாமான்கள் மோதுகிற சத்தம். பிறகு,

“முத்தையா! மெயினை நிறுத்தறேன்! தண்ணி மீட்டருக்கு வந்தாச்சு!”

மெஷின் நின்றது.

தெர்மாமீட்டரைப் பார்த்தேன். அது இறங்குவது கண்ணுக்குத் தெரிவதுபோல இருந்தது. கதவை அடைத்தேன். போர்வையெல்லாம் போட்டேன். சொந்தச் சூடு இல்லாத உடம்புக்குப் போர்வை என்ன செய்யும்? குளிர்ந்ததை மூடி வைத்தால் அது குளிர்ந்தே இருக்கும். குழந்தை வாயைத் திறந்து மூடியது. தெர்மாமீட்டர் கீழ்க் கோட்டைத் தாண்டிவிட்டது.

“உங்க நெஞ்சுல போட்டுக்குங்க” என்றாள் காமாட்சி. “எனக்கு உடம்பு நடுங்குது. நான் தூக்கினா கீழ போட்டுடுவேன். நீங்க போட்டுக்குங்க.”

அதுவரை நான் பிள்ளையைத் தூக்கியதே இல்லை. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ப்பேறிய கை, தோல் கிழிந்துவிடும் என்று பயம். சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தேன். காமாட்சி அதை எடுத்து என் மார்பில் குப்புற வைத்தாள். நனைந்த கைக்குட்டை ஒன்றை வைத்ததுபோல இருந்தது. அவ்வளவு குளிர்ச்சி, அவ்வளவு லேசு. மேலே வேட்டியை மூடினாள். நான் மூச்சை மெதுவாக விட்டேன். முருகா என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் நெஞ்சு அசையும்.

எதிர் ஜன்னலில் பிலோமினா அக்காவின் குரல். “ஏன் நின்னுபோச்சு? கரண்டு இல்லையா? எங்க வீட்டுல இருக்கே! எங்க மீட்டர் மாடியில!”

கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஆ லெங் அதைக் கேட்டுவிட்டார். பட்டறையிலிருந்து ஒரு நீள வயர்ச் சுருளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு மாடி ஏறினார். அங்கிருந்து மூங்கில் கழியில் கட்டிச் சந்தின்மேல் எங்கள் ஜன்னலுக்கு நீட்டினார். காமாட்சி காய்ச்சலோடு எழுந்து எக்கிப் பிடித்தாள். எப்படி இணைப்பது என்று அவர் அங்கிருந்து கத்த, இவள் இங்கே செய்தாள். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் அசைய முடியாது.

மெஷின் ஒரு உதறு உதறி ஓடியது. எதிரிலிருந்து பிலோமினா அக்கா கத்தினார்:

“மாதா படத்து லைட்டைப் பிடுங்கிட்டுத்தான்டா உனக்குக் குடுத்திருக்கேன்! குளிரும் எனக்கு, கரண்டும் என்னோடதா? நல்லா இருக்குடா நியாயம்!”

ஆ லெங் சிரித்தார். காமாட்சி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சிரிக்கவில்லை. என் மார்பில் ஒரு இடம் ஈரமாகச் சுட்டது. குழந்தை மூத்திரம் பெய்திருந்தாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

வெள்ளம் வடிந்து பட்டறையைத் துடைத்து எடுக்க ஆ லெங்குக்கு வெகு நாள் பிடித்தது. அவருடைய சாமான் பாதி கெட்டுப்போனது. ஒரு சொல் சொல்லவில்லை. மாடிக்கு வந்து மெஷினைத் தட்டிப் பார்ப்பார், தொட்டிலை எட்டிப் பார்ப்பார், போய்விடுவார்.

8

அதற்குப் பிறகும் நல்ல நாளும் இருந்தது, கெட்ட நாளும் இருந்தது. இரண்டு நாள் பாலையெல்லாம் கக்கினாள். ஒரு நாள் உடம்பு மஞ்சளித்தது. பாலாடையில் பால் புகட்ட ஒரு மணி நேரம் ஆகும், முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். மிஸ்ஸி ஒவ்வொரு முறை எடைத் தராசைப் பிரிக்கும்போதும் காமாட்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

முப்பது கழிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது ஒரு மாலை மிஸ்ஸி எடை பார்த்துவிட்டு, சுவரிலிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அதை ஏன் எடுக்கறீங்க?”

“போதும். இவளுக்குச் சொந்தச் சூடு வந்தாச்சு. மெஷினை நிறுத்திடு.”

“இன்னும் ரெண்டு நாள் ஓடட்டுமே.”

“இனிமே அது கெடுதல்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நான் பிளக்கில் கையை வைத்தேன். எடுக்க முடியவில்லை. உயிரையே அதில் செருகி வைத்ததுபோல இருந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

“நீங்க புடுங்கறீங்களா, நான் புடுங்கட்டுமா?” காமாட்சி இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டாள். அத்தனை நாளும் நாங்கள் அப்படிக் கத்தித்தான் பேசிக்கொண்டோம்.

“நாளைக்குக் காலையில…”

“நாளைக்கும் இதையேதான் சொல்வீங்க.”

என் கையைத் தள்ளிவிட்டு அவளே பிடுங்கினாள்.

மெஷின் குலுங்கி நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ போய்விட்ட வீட்டில் இருக்கிற அமைதி போல இருந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்ததால் தொட்டிலுக்குள் சரியாகத் தெரியவில்லை. அத்தனை நாளும் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அவள் இருக்கிறாள் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். இப்போது அது தெரியவில்லை. நான் குனிந்தேன். என் காதுக்குள் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர் ஜன்னல் படீரென்று திறந்தது. “தம்பி! ஏன் நிறுத்திட்டீங்க? பாப்பாவுக்கு என்ன? ஏசுவே, யாராவது சொல்லுங்களேன்!” படியில் தடதடவென்று காலடி. ஆ லெங் ஸ்பேனரும் கையுமாக வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் அந்த அமைதி வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலை காமாட்சி” என்றேன். “உனக்கு?”

அவள் கையை உயர்த்தினாள். ஆ லெங் அப்படியே நின்றார். எதிர் ஜன்னலும் ஓய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதிலிருந்த இரைச்சல் மெல்ல மெல்ல விலகியது. சைக்கிள் ரிக்‌ஷா மணி கேட்டது. தூரத்தில் யாரோ ஏதோ விற்றுக்கொண்டு போனார்கள். அதுவும் போன பிறகு, முறத்தில் தவிடு நகர்வதுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது.

அவள் மூச்சு. அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன்.